சம்மந்தி, உங்கள் பெட்டிகளை நான் வாசித்துவிட்டேன்

என் பிரியமான சம்மந்தி ஹமீது அவர்களுக்கு,

இறைவனின் சாந்தி உங்கள்மீது நிறைந்திருக்கட்டும். எழுதுவது காசிம். ஓம், நானேதான். எனக்காக வேறு யாரும் எழுதவில்லை. இதை நம்ப உங்களுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். பரவாயில்லை, எழுத எனக்கும் கொஞ்ச நேரம் எடுத்தது.

ஊரைவிட்டு விரட்டப்பட்டு நாம் புத்தளத்தில் அகதிகளாக இருந்த காலத்தில் எனக்கு வரும் கடிதங்களை நீங்கள்தான் வாசித்துச் சொல்வீர்கள். நல்ல செய்தியை முதலில் சொல்வீர்கள். கெட்ட செய்தி தேநீர் குடித்த பிறகுதான் வரும். நீங்கள் தேநீர் போடச் சொன்னாலே எனக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். இன்றைக்கு நானே எழுதி நானே வாசிக்கிறேன், தேநீரும் எனக்கு வேண்டிய நேரத்தில் குடிக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நம் தண்ணீர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் போடப்போகிறார்கள். ஆகவே ஊரும் பக்கத்தில் நின்று கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குறட்டையைப் பற்றி எழுதமாட்டேன், பயப்பட வேண்டாம்.

செய்தியைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீங்கள் கட்டிய தண்ணீர் நிலையத்தின் கணினியைக் கழற்றி வீசுவதற்கு இருந்தார்கள். நோன்புக்குத் தலைப்பிறை காணுமுன் கழற்றிவிட்டு, பம்பைக் கையால் போட்டு அணைக்கிற சாதாரண ஆளியில் கொடுத்துவிடுவது என்று சங்கத்தில் பேச்சு. கணினி போனால் அதைப் பார்க்கும் உங்கள் மகள் பர்ஸானாவுக்கும் அங்கே வேலை இல்லை. என் மருமகள் என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகு அந்த நிலையத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் ஊருக்காகச் சொல்கிறேன். நம் கிணறுகளில் உவர்த் தண்ணீர். அதைப் பம்பு இழுத்து, இயந்திரம் உப்பை எடுத்து, நல்ல தண்ணீரை உயரமான தாங்கிக்கு அனுப்புகிறது. தாங்கியிலிருந்து தெருக்குழாய்களுக்கு வருகிறது. எப்போது பம்பு ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எந்த வால்வு திறக்க வேண்டும், எது மூட வேண்டும் என்பதையெல்லாம் நீங்கள் கணினித் திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளாக வைத்து, பெட்டிக்குப் பெட்டி கோடு இழுத்து இணைத்திருந்தீர்கள். வெளிநாட்டுத் தண்ணீர் ஆலையில் வேலை செய்து படித்துக்கொண்டு வந்த வித்தை அது.

நீங்கள் அந்தத் திரையின் முன்னால் இருந்து, ஒரு பெட்டியைப் பிடித்து இழுத்து இன்னொன்றோடு முடிச்சுப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது மாடு கட்டுவதுபோல இருந்தது. "இதில எழுத்து வேலை இல்லை காசிம், எல்லாம் படம்தான். உனக்கும் விளங்கும்" என்று சொன்னீர்கள். எனக்கு விளங்கவில்லை. ஊரிலும் வேறு யாருக்கும் விளங்கவில்லை. அதுதான் பிறகு பிரச்சினையானது.

ஏனென்றால் உங்கள் பெட்டிகள் குட்டி போட்டுக்கொண்டே இருந்தன. ஒரு பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு திரை நிறையப் பெட்டிகள், அதில் ஒன்றைத் திறந்தால் இன்னும். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. எது எதற்காக என்று நீங்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை. தலைக்குள் வைத்திருந்தீர்கள். தலையைக் கொண்டுபோய் மையவாடியில் அடக்கம் செய்துவிட்டோம்.

பர்ஸானா முதலில் கையால் எழுதப் பார்த்தாள். ஒரு பெட்டியைப் பற்றி எழுதி முடிப்பதற்குள் பம்பில் ஏதாவது மாற்ற வேண்டி வரும், எழுதியது பொய்யாகிவிடும். ஒருநாள் பேனாவை மேசையில் போட்டுவிட்டு, "வாப்பா ஒரு ஆளுக்குத்தான் வீடு கட்டிப்போட்டுப் போயிருக்கார்" என்றாள். அழவில்லை. உங்கள் மகள் அல்லவா, கோபம்தான் வந்தது.

பிறகு அவள் ஒரு சின்னச் செயலியைத் தேடிப் பிடித்து, தன் கைக்கு ஏற்றாற்போல் திருத்தினாள். சம்மந்தி, அதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். அந்தச் செயலி உங்கள் திரைக்குள் நுழைந்து, கோடு கோடாக நடந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் தானே ஒரு குறிப்பு எழுதுகிறது. பெட்டியின் பெயர் என்ன, அது என்ன வகை, அதற்குள்ளே எது வருகிறது, வெளியே எங்கே போகிறது. அவ்வளவுதான். ஒரு குறிப்பில் இன்னொரு பெட்டியின் பெயர் இருந்தால், அந்தப் பெயரை விரலால் தொட்டால் அந்தப் பெட்டியின் குறிப்பு திறக்கும். ஒவ்வொரு திரைக்கும் துப்புரவான ஒரு வரைபடமும் போட்டுக் கொடுக்கிறது. கோடு ஒன்றின்மேல் ஒன்று விழாத படம். பெட்டிகளில் ஏதாவது மாற்றினால் குறிப்பும் படமும் தாமாகவே மாறிக்கொள்ளும்.

"நான் ஒண்டும் எழுதேல்ல மாமா. அதுவே எழுதுது, பாருங்கோ" என்றாள். நான் பார்த்தேன். எழுத்தென்றால் எனக்கு அப்போது எறும்பு ஊர்வதுபோலத்தான். ஆனாலும் பார்த்தேன்.

நிலையத்தில் பெண்பிள்ளை தனியாக இருக்கிறாள் என்று என் மகன் என்னைத் துணைக்கு அனுப்பியிருந்தான். அவன் மீன்பிடிக்க வள்ளத்தில் போய்விடுவான், நான் காலையில் இங்கே வந்து கதிரையில் இருப்பேன். துணைக்கு இருப்பவனுக்கு என்ன வேலை? ஈ ஓட்டுவதுதான். நான் சும்மா இருப்பதைப் பார்க்க முடியாமல் அவள் அந்தக் குறிப்புகளைத் தட்டையான பெரிய போன் ஒன்றில் போட்டு என் மடியில் வைத்தாள்.

சம்மந்தி, நான் தமிழ் வாசிக்கப் பழகியது அதில்தான். சிறுவர் புத்தகத்திலும் இல்லை, முதியோர் வகுப்பிலும் இல்லை. அந்த வகுப்புக்கு ஒருநாள் போனேன், அம்மா அப்பா ஆடு என்று எழுதச் சொன்னார்கள். இந்த வயதில் ஆட்டைப் பற்றி எனக்குப் புதிதாக யார் என்ன சொல்லித்தர முடியும்?

ஆனால் அந்தக் குறிப்புகள் வேறு மாதிரி. படித்தவர்கள் வாசித்தால் கொட்டாவி விடுவார்கள். எல்லாக் குறிப்பும் ஒரே அச்சு. பெயர். வகை. உள்ளே வருவது. வெளியே போவது. அடுத்ததைத் திறந்தாலும் அதே நாலு சொல், அதே இடத்தில். மனிதர் எழுதினால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி எழுதி அழகு காட்டுவார்கள், அழகு கிழவனைக் குழப்பும். இயந்திரத்துக்கு அலுப்பில்லை. எனக்கும் அலுப்பில்லை. அந்த நாலு சொல்லும் முதலில் முகம் பழகின. முகம் பழகிய பிறகு பெயர் கேட்பது லேசு.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. சில எழுத்துகள் எனக்கு முன்பே தெரிந்திருந்தன, எழுத்தென்று தெரியாமல். மாட்டுக்குக் குறி சுடுவார்கள் அல்லவா? ‘க’ எனக்கு மாடு மேய்த்த வாலிபத்திலிருந்தே பழக்கம். தாராபுரத்து ஆள் ஒருவரின் பசுக்களின் தொடையில் அது இருக்கும். ‘மு’ ஒரு முரட்டுக் காளை. பர்ஸானா "இது மு" என்று காட்டியபோது, "இவன் இங்க என்ன செய்றான்?" என்று கேட்டுவிட்டேன். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நீங்கள் பெட்டிகளுக்கு வைத்திருந்த பெயர்களும் எனக்கு உதவி செய்தன. உப்பை அளக்கும் பெட்டிக்கு ‘நாக்கு’. பம்பைக் கொஞ்சம் நிறுத்திவைக்கும் பெட்டிக்கு ‘அவசரப்படாதே’. இரண்டாவது கிணற்றுக்கு ‘சோம்பேறி’. எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி ‘சோம்பேறி’ என்று முதல்முதலாக வாசித்தபோது நீங்கள் பக்கத்தில் நின்று சொன்னதுபோலவே கேட்டது. உப்புக்குளத்தில் வாங்கிய என் புதுக் கண்ணாடி அன்றைக்கு மங்கிப்போனது. துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த குறிப்பைத் திறந்தேன்.

இந்த வருடம் மழை ஏமாற்றியது. மீள்குடியேறிய குடும்பங்களும் கூடிவிட்டன. கிணறு தருவது குறைந்தது, எடுப்பது கூடியது. அப்போது ஒரு விசித்திரம் தொடங்கியது. தாங்கியில் தண்ணீர் இருக்கும், தெருக்குழாயில் வராது. பெண்கள் குடத்தை வைத்துவிட்டு மேலே பார்ப்பார்கள். தாங்கியின் பக்கத்தில் நீங்கள் பொருத்திய அளவுக்குழாயில் தண்ணீர் தெரியும், கீழே குழாய் காற்றை ஊதும். ஒரு நாளா, இரண்டு நாளா? பின்னேரமானால் இதே கதை.

சங்கத்துத் தலைவர் இப்போது மன்சூர். வாய் கொஞ்சம் காரம், ஆள் நேர்மை. நிலையத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, தாங்கியில தண்ணி ஆடுது. என்ட மனிசி வெறுங்குடத்தோட நிக்கிறா. இது எந்த ஊர் ஞாயம்?"

"பாத்துக்கொண்டுதான் இருக்கிறன் மன்சூர் நானா. ஒரு பிழையும் பிடிபடேல்ல."

"பிழை இல்லாமத்தான் தண்ணி வரேல்லையா? உங்கட வாப்பா கெட்டிக்காரர், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா அவர் மூளையையும் கொண்டு போயிட்டார். நோன்புக்கு முந்தி இது சரிவரேல்லையெண்டா நான் கணினியைக் கழட்டிப்போடுவன். சாதாரண ஆளி போதும். போட்டா ஓடும், அமத்தினா நிக்கும்."

நான் கதிரையில் இருந்தபடி, "மன்சூர், ஆளியைப் போட ஒரு ஆள் விடிய எழும்ப வேணுமே. நீ சுபஹுத் தொழுகைக்கே எழும்புறேல்ல" என்றேன்.

"காசிம் காக்கா, நீங்க துணைக்கு இருக்கிற ஆள். துணைக்கே இருங்கோ" என்று சிரித்துக்கொண்டு போனார். சிரித்தாலும் சொன்னதைச் செய்வார். பர்ஸானாவுக்கு அது தெரியும்.

அதன் பிறகு அவள் சாப்பாட்டையும் மறந்து தேடினாள். கிணற்றிலிருந்து தொடங்குவாள். கிணறு சரி, பம்பு சரி, நாக்கு சரி, இயந்திரம் சரி. ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வருவாள். ஒவ்வொன்றும் தனக்கு இட்ட வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. எல்லாம் சரியென்றால் தண்ணீர் எங்கே? அந்தக் கேள்வியோடு மறுபடியும் கிணற்றுக்குப் போவாள்.

ஒருநாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, அவள் திரையில் திறந்து வைத்திருந்த வரைபடத்தை நான் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். படத்தில் இருந்த சொற்களை வாசிப்பது எனக்கு அப்போது புது விளையாட்டு.

"தெருக்குழாய்," என்று வாசித்தேன். "தெரு வால்வு. கை... வை... கைவைக்காதே. தாங்கி."

அவள் திரும்பிப் பார்த்தாள். "மாமா, என்ன தலைகீழா வாசிக்கிறீங்க? இடப்பக்கம் இருந்தெல்லோ தொடங்க வேணும்?"

உங்களுக்குத் தெரியும், நான் சின்ன வயதில் ஓதப் பள்ளியில் குர்ஆன் ஓதப் பழகியவன். தமிழ் தெரியாவிட்டாலும் அரபு எழுத்தில் கண் ஓடும். அறுபது வருடத்துக்கு மேலாக என் கண்ணுக்கு ஆரம்பம் என்றால் வலப்பக்கம்தான். தமிழ் வரியை இடப்பக்கமிருந்து வாசிக்க வேண்டும் என்பதை பர்ஸானா அடித்துப் பழக்கிவிட்டாள். ஆனால் படம் வரியில்லையே? படத்தைப் பார்த்ததும் கண் தன் பாட்டில் வலப்பக்கம் போய்விட்டது. எல்லோரும் கிணற்றிலிருந்து குழாய்க்கு வருகிற படத்தில் நான் குழாயிலிருந்து கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அதைத்தான் சொல்லி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"பொறுங்கோ. அப்பிடியே திருப்பி வாசிங்கோ."

வாசித்தேன். குழாய்க்கு முன்னால் தெரு வால்வு. தெரு வால்வுக்கு முன்னால் ‘கைவைக்காதே’. அவள் அந்தப் பெயரைத் தொட்டாள். குறிப்பு திறந்தது. நீங்கள் அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்திருந்தீர்கள், முன்பு கண்ணில் படவே இல்லை. செயலிதான் உள்ளே போய் அதை எடுத்து வந்து படத்தில் வைத்திருந்தது.

குறிப்பில் இருந்ததை இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன். பெயர்: கைவைக்காதே. வகை: ஒப்பிடும் பெட்டி. உள்ளே வருவது: தாங்கியின் மட்டம். வெளியே போவது: தெரு வால்வு. ஒப்பிடும் பெட்டி என்பதால் அடியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: மட்டம் கால்வாசிக்குக் குறைந்தால் வால்வை மூடு.

"அப்ப குழாய் பழுதில்லை," என்று பர்ஸானா மெதுவாகச் சொன்னாள். "வாப்பாதான் மூடச் சொல்லி வச்சிருக்கார். கிணத்துல தண்ணி தாராளமா இருந்த வருசங்களில தாங்கி கால்வாசிக்கு வந்ததே இல்லை. அதுதான் ஒருத்தருக்கும் தெரியேல்ல." பிறகு நெற்றியைத் தேய்த்தாள். "ஆனா ஏன் இவ்வளவு தண்ணியை மிச்சம் வைக்க வேணும்? கை தவறிப் போட்டதா இருக்கும். நான் இதை எடுத்துவிடுறன் மாமா. பின்னேரமே தண்ணி வரும். மன்சூர் நானாவும் வாய் மூடுவார்."

அவள் விரல் திரைக்குப் போய்விட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, "கொஞ்சம் இரு மகள்" என்றேன். காரணம் ஒன்றும் தெரிந்து சொல்லவில்லை, சம்மந்தி. நீங்கள் கை தவறுகிற ஆள் இல்லை, அவ்வளவுதான். பெயரே ‘கைவைக்காதே’ என்றிருக்கிறது.

நான் குறிப்பில் ‘தாங்கி’ என்ற பெயரைத் தொட்டேன். தாங்கியின் குறிப்பு திறந்தது. வெளியே போவது என்ற இடத்தில் ஒன்றல்ல, இரண்டு பெயர் இருந்தது. ஒன்று தெரு. மற்றது, எழுத்துக்கூட்ட எனக்கு நெடுநேரம் பிடித்தது, ‘பள்ளி குளிப்பாட்டுமிடம்’, பள்ளிவாசலில் இறந்தவர்களைக் கழுவும் இடம்.

"இதுக்கு வால்வு எது?" என்று கேட்டேன்.

அவள் அந்தக் குறிப்பைத் திறந்து பார்த்தாள். "இதுக்கு வால்வே இல்லை மாமா. இது எப்பவும் திறந்துதான் கிடக்கும்."

நான் எழுந்து வெளியே போய் நின்றேன். அவள் பின்னால் வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பிறகு அவளுக்குச் சொன்னேன். அவளுக்குச் சொன்னதை இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியும், ஆனால் நாம் இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

ஊருக்குத் திரும்பி வந்த முதல் வருடம். தகரக் கொட்டில்கள். நீங்களும் நானும் அப்போது சம்மந்திகள் இல்லை, பக்கத்துப் பக்கத்துக் கொட்டில்காரர். என் மனைவி ருகையா ஒரு காலைப்பொழுதில் மௌத்தானாள். அன்றைக்குத் தண்ணீர்ப் பவுசர் வண்டி வரவில்லை. கிணற்றில் கரிக்கிற தண்ணீர் மட்டும்தான். அந்தத் தண்ணீரில் கழுவலாம், மார்க்கத்தில் ஒரு குறையும் இல்லை என்று பள்ளி லெப்பை சொன்னார். உண்மைதான். ஆனால் குளிப்பாட்டிய பெண்கள் வெளியே வந்து சவர்க்காரம் நுரைக்கவில்லை என்றார்கள். தலைமுடி சிக்கெடுக்க வரவில்லை என்றார்கள். அவள் தலைமுடி எப்படியானது என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

நீங்கள் யாரிடமும் சொல்லாமல் இரண்டு கலன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நல்ல தண்ணீர் தேடிப் போயிருந்தீர்கள். திரும்பி வந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. மையவாடிக்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். அந்த நல்ல தண்ணீரை அவளுடைய கப்ரின் மேல் தெளித்தீர்கள், இரண்டு கலனையும், கடைசித் துளி வரைக்கும். என்னைப் பார்க்கவில்லை. ஒன்றும் பேசவில்லை.

பேசாமல் போய் ஒரு பெட்டி வைத்திருக்கிறீர்கள்.

ஏன் சம்மந்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொன்னால் நான் உடைந்துபோவேன் என்றா? இல்லை, சொன்னால் அது செய்ததற்குக் கூலி கேட்பதுபோல் ஆகிவிடும் என்றா? இரண்டையும் மாறி மாறி யோசிக்கிறேன். ஒருநாள் இது சரியென்று படும், மறுநாள் அது.

உங்களைக் குளிப்பாட்டிய அன்றைக்கு நானும் கூட நின்றேன். நல்ல தண்ணீர் தாராளமாக வந்தது, சவர்க்காரம் கை நிறைய நுரைத்தது. அந்தக் குழாய் உங்களால் திறந்து கிடக்கிறது என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது.

நான் சொல்லி முடித்தபோது பர்ஸானா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "இதை நீங்களே சங்கத்தில சொல்லுங்கோ மாமா. நான் சொன்னா வேலையைக் காப்பாத்தக் கதை கட்டுறா எண்டுதான் நினைப்பினம்" என்றாள். "சொல்லமாட்டன், வாசிப்பன்" என்றேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி விறாந்தையில் கூட்டம். நான் எழுந்து நின்று தட்டைப் போனைத் தூரப் பிடித்தேன். பின்னால் இருந்து ஒரு குரல், "காக்கா கண்ணாடியைக் கழட்டிப்போட்டு மூக்கால வாசிக்கப்போறார்!" எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு வாசித்தேன். தெருக்குழாயிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பெயராகத் தொட்டுத் திறந்து, பின்னுக்குப் பின்னுக்குப் போனேன். மெதுவாகத்தான் வரும் எனக்கு.

"காக்கா, மஃரிபுக்கு முந்தி முடியுமா?" என்றார் மன்சூர்.

"நீ குறுக்க கதைக்காட்டி முடியும்."

முடிந்தது. ‘பள்ளி குளிப்பாட்டுமிடம்’ வரைக்கும் வாசித்துவிட்டு, குறிப்பில் இல்லாததை, ருகையாவின் மௌத்தை, நான் வாயால் சொன்னேன். நான் மன்சூரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்குக் கிணத்துல வாளி போட்டு இறைச்சது நான்தான்," என்றார். "கையெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. எனக்கு எப்பிடி மறந்தது?"

பிறகு நிமிர்ந்தார். மன்சூர் என்றால் மன்சூர்தான், உடனே அடுத்த கேள்வி. "சரி. பெட்டி இருக்கட்டும். கழட்டுறதில்லை. ஆனா ஒரு மையித்தைக் கழுவ இவ்வளவு தண்ணி தேவையா? உயிரோட இருக்கிறவங்களுக்கும் நோன்பு திறக்கத் தண்ணி வேணும்."

கேள்வி நியாயம்தான். ஜனாஸா குளிப்பாட்டும் பெரியவரைக் கேட்டோம். அவர் வாளிக் கணக்குச் சொன்னார். நீங்கள் வைத்தது அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். "வாப்பா எதையும் கொஞ்சமா வைக்கமாட்டார். சோறும் அப்பிடித்தான் போடுவார்" என்றாள் பர்ஸானா. கூட்டம் மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை அது உங்களுக்கான சிரிப்பு. கால்வாசியைப் பாதியாக்கி அரைக்கால் ஆக்குவது என்று முடிவானது. தெருவுக்கும் தண்ணீர் கூடும், மிச்சமும் இருக்கும். உங்கள் கணக்கைக் குறைத்ததற்குக் கோபிக்க மாட்டீர்கள் என்று நானே உங்கள் சார்பில் சொல்லிவிட்டேன். இனி அங்கே பர்ஸானாவின் இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கணினி தெரிந்த இன்னொரு பெண்பிள்ளையையும் அவளுக்கு உதவிக்குச் சேர்க்கச் சொல்லி மன்சூரே கேட்டிருக்கிறார்.

அடுத்த நாள் நிலையத்தில் அவள் பெட்டியின் அளவை மாற்றினாள். நான் குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். கால் என்று இருந்த இடத்தில், கண்ணுக்கு முன்னால், அரைக்கால் என்று வந்து நின்றது. ஒருவரும் எழுதவில்லை. நான் ஒரு எழுத்தை எழுத மூன்று தடவை மூச்சு விடுகிறவன், அது மூச்சே விடவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். எந்தக் குறிப்பிலும் ‘ஏன்’ என்ற சொல் இல்லை. எது வருகிறது, எது போகிறது, எல்லாம் இருக்கிறது. ஏன் என்பது இல்லை. கேட்டேன்.

"அது செயலிக்குத் தெரியாது மாமா. கோட்டைப் பாத்து அது எழுதும். கோடு போட்ட ஆளின்ட மனசை எங்க போய்ப் பாக்கிறது?"

பிறகு அவள் எனக்காக ஒரு வேலை செய்தாள். ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே ‘ஏன்’ என்று ஒரு வெறும் இடம் விட்டாள். கோட்டுக்கு மேலே உள்ளதைச் செயலி எத்தனை தடவையும் அழித்து எழுதலாம். கீழே உள்ளதைத் தொடாது. அது மனிதர் எழுதும் இடம்.

முதல் ‘ஏன்’ நான் எழுதினேன். ஒற்றை விரலால் தட்டினேன். தட்டி முடித்தபோது வெளியே மக்கள் தண்ணீர் பிடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இதுதான் எழுதியது: "ஊரில் ஒருவர் மௌத்தானால் கழுவ நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். என் மனைவி ருகையாவுக்கு இருக்கவில்லை. அதனால் ஹமீது இதை வைத்தார்." மறுநாள் காலையில் ஓடி வந்து திறந்து பார்த்தேன். மேலே செயலி புதிதாக எழுதியிருந்தது. கீழே என் எழுத்து அப்படியே இருந்தது. அவள் பெயரை நான் முதன்முதலாக எழுதியது அதுதான், சம்மந்தி. மனைவியின் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. நல்ல வட்டமாக இருக்கிறது.

இப்போது உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ‘ஏன்’ வெறுமையாக இருக்கும் குறிப்புகள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பிறகு ஒன்றைத் திறப்பேன். நீங்கள் அந்தப் பெட்டியை வைத்தபோது பக்கத்தில் நின்றவர்கள் யார் யாரென்று தேடிப் போய்க் கேட்பேன். மன்சூரிடம் கேட்பேன், சிலாவத்துறையில் குழாய் வேலை செய்தவரிடம் கேட்பேன், உங்களோடு சண்டை பிடித்தவர்களிடமும் கேட்பேன், அவர்களுக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கும். தெரிந்ததை எழுதுவேன். ஒருவருக்கும் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவேன், நானாக ஒன்றைக் கட்டமாட்டேன். கண் இருக்கும் வரைக்கும், விரல் இருக்கும் வரைக்கும், இது என் வேலை. என்னையும் ஒருநாள் அந்தக் குழாயின் கீழே கிடத்துவார்கள். வெறும் இடங்கள் எல்லாம் நிரம்பிய பிறகு அது வரட்டும் என்று துஆக் கேட்கிறேன்.

உங்கள் மகளுக்கு மாமனாரும்,
உங்களுக்கு அங்கும் இங்கும் சம்மந்தியுமான,
காசிம்